உயிர்ப்பும் உயிரும்

(கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேல்நாட்டு அறிவியலார் உயிரைப் பற்றி எண்ணி வந்த வரலாற்றில் ஒரு பகுதியை இவ்வவையில் எடுத்துரைக்குமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். ஆலயத்தில் இப்பொருள் எதற்கு என்று சிலர் கருதக்கூடும். யாகசாலையில் இந்நாட்களில் பிராணன் என்னும் சொல்லைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். கல்லில் வடித்த திருமேனிக்குப் பிராணப் பிரதிஷ்டை செய்கிறோம் என்கிறோம். பிராணன் என்பது யாது? அது மூச்சா? உடலை இயக்கும் ஒரு சக்தியா? அன்றி, ‘நான் அறிகிறேன்’ என்று அறிகின்ற ஆன்மாவேயா? இம்மூன்றையும் ஒன்றாகக் கொண்டு மயங்குதல் நம்மிடையே உண்டு. மேல்நாட்டிலும் இம்மயக்கம் இருந்தது. அதனால் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெரும் வழக்கு நடந்தது.

அவ்வழக்கின் முடிவை மட்டும் கேள்வியுற்ற நம் இளைஞர் சிலர், “உயிர் என்று தனியாக ஒன்றில்லை என விஞ்ஞானம் காட்டிவிட்டது, ஆகவே ஆன்மாவும் இல்லை” என்று பேசுகின்றனர். அதைக் கேட்ட பெற்றோர் அஞ்சி, விஞ்ஞானத்தையே பகையாக எண்ணுகின்றனர். இரு திறத்தாரும் வழக்கின் வரலாற்றை முழுதும் கேட்டவர் அல்லர். ஆதலின் அதனைச் சற்று விரித்துக் காண்போம்.

பிரெஞ்சு நாட்டுத் தத்துவ ஞானி டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட நூலில் விலங்குகளின் உடலை ஒரு பொறியாகவே கருதினார். கடிகாரத்தின் சக்கரங்கள் இயங்குவது போலவே உறுப்புகளும் இயங்குகின்றன; அறிவுள்ள ஆன்மா மனிதனுக்கு மட்டுமே உரியது என்பது அவர் துணிபு. இதைக் கேட்டு மனம் ஒப்பாதவர் பலர். ஜெர்மானிய மருத்துவர் ஸ்டால் அவர்களில் முதன்மையானவர். உடலின் பொருள்கள் எளிதில் அழுகும் இயல்புடையன. ஆயினும் உயிருள்ளவரை அவை அழுகுவதில்லை. உயிர் நீங்கியபின் அழிவு தொடங்கிவிடுகிறது. ஆகவே உடலைக் கட்டிக் காப்பது ஆன்மாவே என்று 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கற்பித்தார். (எரியும் பொருள்களில் எல்லாம் ‘பிளாஜிஸ்டன்’ என்னும் ஒரு நெருப்புப் பொருள் மறைந்திருக்கிறது என்ற கொள்கையைப் பரப்பியவரும் இவரே. பின்னாளில் லவாசியே அதனை வீழ்த்தினார். காணப்படாதவற்றுக்குப் பெயர் சூட்டுவதில் ஸ்டாலுக்குத் தனித் திறமை இருந்தது போலும்!)

அவருக்குப் பின் வந்தோர், சோறு செரிப்பது போன்ற தொழில்களை ஆன்மாவின் தலையில் சுமத்துதல் தகாதென்று எண்ணினர். ஆன்மாவுக்கும் சடப்பொருளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றை வைத்தனர். மோன்பெலியே நகரத்து மருத்துவப் பேராசிரியர் பார்த்தேஸ் 1778-இல் அதனை உயிர்த் தத்துவம் என்றார். வேறு சிலர் உயிர்விசை என்றனர். பௌதிக, இரசாயன நியதிகளுக்கு உட்படாததாய், உயிருள்ளவற்றில் மட்டுமே உறைவதாய் ஒரு சக்தி உண்டு என்பதே இவர்கள் கொள்கையின் சாரம். ஆங்கிலத்தில் இது ‘வைட்டலிசம்’ எனப்படும். நாம் உயிர்விசைக் கொள்கை என்று வழங்குவோம்.

இக்கொள்கை 1828-இல் மாண்டது என்று பாடப்புத்தகங்கள் கூறும். அவ்வாண்டில் வோலர் என்னும் இரசாயன அறிஞர், சிறுநீரில் காணப்படும் யூரியாவை அம்மோனியம் சயனேட் என்னும் உப்பிலிருந்து ஆய்வுச்சாலையிலேயே ஆக்கிக் காட்டினார். சிறுநீரகத்தின் துணையின்றியே இதனைச் செய்துவிட்டதாகத் தம் ஆசிரியர் பெர்சீலியசுக்கு மகிழ்ச்சியுடன் எழுதினார். ஆனால் கொள்கை அவ்வளவு எளிதில் மாளவில்லை. அவர் கையாண்ட மூலப்பொருளே உயிரினங்களின் வழியாக வந்ததன்றோ என்று மறுப்பதற்கு இடம் இருந்தது. அதை வோலரே உணர்ந்திருந்தார். அவருடைய நெருங்கிய நண்பரும் பேரறிஞருமான லீபிக், அதன்பின்னும் நெடுங்காலம் உயிர்விசை என்று பேசியே வந்தார்.

வழக்கு உண்மையில் நடந்த இடம் பெர்லின் நகரம். அங்கே 1833 முதல் பேராசிரியராக விளங்கிய யோஹன்னஸ் முல்லர், அக்காலத்து உடலியல் அறிஞருள் தலைசிறந்தவர், உயிர்விசைக் கொள்கையினர். அவருடைய மாணாக்கரோ அக்கொள்கையை வேரோடு அறுக்கத் துணிந்தவர்கள். அவர்களுள் தியூபுவா ரேமான், புரூக்கே என்னும் இருவரும், உடலில் பௌதிக இரசாயன சக்திகளன்றி வேறு சக்தியில்லை என்பதை நிலைநாட்டுவோம் என்று உறுதி பூண்டதை 1842-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று கூறுகிறது. அவர்களுடன் ஒத்த கருத்தினராய் நின்றவர் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் இளைஞர். அப்போது அவர் வாழ்ந்தது படை மருத்துவராக. ஆய்வுக்கு அவரிடம் இருந்தவை தவளைகளும் சில எளிய கருவிகளுமே.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் கேட்ட கேள்வி ஒரு கணக்குப்பிள்ளையின் கேள்வி. உடலுக்குள் வருகின்ற வரவு எவ்வளவு, செல்கின்ற செலவு எவ்வளவு? உயிர்விசை என்று ஒன்று தனியே இருந்து தசையை அசைக்குமாயின், வரவில் இல்லாத ஓர் ஆற்றல் செலவில் தோன்றவேண்டும். ஒன்றும் இடாமலே ஓயாது சுழலும் இயந்திரத்தை மனிதர் செய்ய முயன்று தோற்றனரே, அது உடலில் மட்டும் கைகூடியது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகும். தசை சுருங்கும்போது வெப்பம் தோன்றுவதை அவர் தவளைத் தசையில் நுட்பமாக அளந்தார். ஆற்றல் அழிவதுமில்லை, இன்மையிலிருந்து தோன்றுவதுமில்லை என்னும் நியதியை 1847-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23-ஆம் நாள் பெர்லின் பௌதிகக் கழகத்தில் எடுத்துரைத்தார். பௌதிகத்தின் அடிப்படை நியதிகளுள் ஒன்றாக இன்று நாம் பயிலும் இது, உயிர்விசையைப் பற்றிய ஐயத்திலிருந்தும் முளைத்தது என்பதைப் பலர் அறியார். கணக்கை முற்ற முடித்தவர் ரூப்னர். 1894-இல் நாய்களை வெப்பமானி அறையில் வைத்து, உண்ட உணவின் ஆற்றலும் உடல் வெளிவிட்ட வெப்பமும் ஒத்திருப்பதை அவர் காட்டினார். கணக்கில் உயிர்விசைக்கென எழுதவேண்டிய தொகை எஞ்சவில்லை.

அதனினும் வியப்பானது நரம்பைப் பற்றிய ஆய்வு. நரம்பின் வழியே செய்தி செல்லும் வேகத்தை மனிதரால் அளக்கவே இயலாது என்று முல்லர் கருதியிருந்தார். எண்ணமும் அசைவும் நம் அனுபவத்தில் ஒரே கணத்தில் நிகழ்வனவாகத் தோன்றுகின்றன அன்றோ? ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1849-50-ஆம் ஆண்டுகளில் கோனிக்ஸ்பர்க் நகரில் தவளைக் கால் நரம்பை எடுத்துக்கொண்டார். தசைக்கு அருகே ஓரிடத்திலும், தொலைவில் ஓரிடத்திலும் மின்சாரத்தால் தூண்டி, தசை சுருங்குவதற்கு ஆகும் காலத்தின் வேற்றுமையை அளந்தார். அவருடைய மனைவியாரும் உடனிருந்து உதவினார். விடை, விநாடிக்குச் சுமார் 27 மீட்டர்! நம் ஆலயத்து மணியோசை காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. அளக்கவொண்ணாதது என எண்ணப்பட்ட நரம்பின் செய்தி, அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கும் எட்டவில்லை.

இச்செய்தி அவர் தந்தையாரையே கலங்கச் செய்தது. அவர் ஒரு பள்ளி ஆசிரியர். தத்துவப் பயிற்சி உடையவர். எண்ணமும் அதன் உடற்செயலும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன அல்ல, உடன்நிகழ்வனவே என்று தாம் நம்பியிருந்ததாகவும், மகனுடைய முடிவோடு தம் உள்ளம் இணங்க மறுத்ததாகவும் அவர் மகனுக்கு எழுதினார். அத்தந்தையின் தயக்கத்தை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. விரலை அசைக்க நினைப்பதற்கும் விரல் அசைவதற்கும் இடையில் அளக்கத்தக்க ஓர் இடைவெளி உண்டு என்று முதன்முதலாகக் கேட்பவர் எவர்க்கும் தம்மைப் பற்றிய எண்ணம் சற்று ஆட்டங்காணவே செய்யும். அவ்விடைவெளியில்தான் மனத்தை அளக்கும் புதிய துறை பிறந்தது. ஹெல்ம்ஹோல்ட்சிடம் உதவியாளராக இருந்த வுண்ட், 1879-இல் லைப்சிக் நகரில் உளவியலுக்கென ஆய்வுச்சாலை நிறுவினார். உறுதி பூண்ட இருவருள் ஒருவராகிய புரூக்கே வியன்னா நகரில் பேராசிரியரானார். அவருடைய ஆய்வுச்சாலையில் பயின்றவர்களுள் பிராய்டும் ஒருவர்.

நொதித்தல் பற்றியும் ஒரு சொல். இட்லி மாவு இரவில் பொங்கிப் புளிப்பதை நம் இல்லங்களில் நாளும் காண்கிறோம். இத்தகைய நொதித்தல் நுண்ணுயிர்களின் உயிர்ச்செயல் என்று காட்டியவர் பாஸ்டர். ஆதலின் உயிரின்றி நொதித்தல் இல்லை என்று பலரும் நம்பினர். பாஸ்டர் மறைந்த இரண்டாம் ஆண்டு, அதாவது 1897-இல், புக்னர் என்பவர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை மணலுடன் அரைத்துச் சாறு பிழிந்தார். அச்சாறு கெடாதிருக்கச் சர்க்கரை சேர்த்தார். உயிரணு ஒன்றும் இல்லாத அச்சாறு, சர்க்கரையைச் சாராயமாக்கிக் குமிழியிட்டது! 1907-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இதுகாறும் கூறியவற்றால் உயிர்விசைக் கொள்கையினர் அறிவிலிகள் என்று எண்ணிவிடலாகாது. அவர்களுள் ஆய்வுத் திறத்தால் யாருக்கும் பின்வாங்காதவர் ஹான்ஸ் திரீஷ். முட்கள் செறிந்த உருண்டை வடிவான கடல் முள்ளெலியின் கருவை 1891-இல் அவர் ஆராய்ந்தார். கரு இரண்டு உயிரணுக்களாகப் பிரிந்த நிலையில், நீரில் வலிந்து குலுக்கி அவற்றைத் தனித்தனியாக்கினார். கரு ஒரு பொறியானால், பாதிப் பொறியிலிருந்து பாதி உடலே தோன்றவேண்டும். அவ்வாறன்றி, ஒவ்வொரு பாதியும் சிறியதே ஆயினும் முழுமையான ஓர் இளம் உயிராக வளர்ந்தது. கடிகாரத்தை இரண்டாக வெட்டினால் இரண்டு கடிகாரம் ஆவதுண்டோ? பொறியியல் கொள்கையில் பற்றுடையவராகவே தொடங்கிய திரீஷ், தம் கண்ணால் கண்டதற்கு வேறு விளக்கம் காணாமல், அரிஸ்டாட்டிலின் சொல்லொன்றை எடுத்து ‘என்டெலெகி’ என்னும் முழுமையாக்கும் தத்துவம் கருவில் உறைகிறது என்றார். 1907, 1908 ஆண்டுகளில் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இதனை விரித்துரைத்தார். 1907-இலேயே பெர்க்சன் என்னும் பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியரும், உயிரின் உந்துவிசையே பரிணாமத்தை நடத்துகிறது என்று நூலெழுதி உலகப் புகழ் பெற்றார்.

திரீஷ் கண்டது மெய். அவர் சூட்டிய பெயரே பயன்படவில்லை. பெயர் சூட்டியபின் அடுத்து என்ன ஆய்வு செய்வது என்பதற்கு அப்பெயர் வழி காட்டவில்லை என்பதுதான் குறை. புகைவண்டி எதனால் ஓடுகிறது என்று கேட்பவனுக்கு ‘புகைவண்டி உந்துவிசையால்’ என்று விடை கூறுவதைப் போன்றது இது என்று ஜூலியன் ஹக்ஸ்லி நகையாடினார். ஒவ்வோர் உயிரணுவிலும் முழு உடலுக்குரிய குறிப்பு அடங்கியிருப்பதும், அயலணுக்களோடு செய்தி பரிமாறித் தன் இடமறிந்து அது வளர்வதும் பின்னாளில் படிப்படியாகத் தெளிவாயின. அத்தெளிவுக்குத் தூண்டுகோலான கேள்வி திரீஷ் எழுப்பியதே. இவர் போர்வெறியை எதிர்த்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-இல் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

நம் நாட்டு ஜகதீச சந்திர போசும் இவ்வழக்கில் சாட்சியம் அளித்தவர். செடி, தசை, உலோகம் ஆகிய மூன்றும் தூண்டலுக்கு ஒத்த வகையில் மின் விடை தருவதை 1901-இல் இலண்டனில் காட்டினார். உயிர்விசை என்று தனியே ஒன்றைக் கொள்ள வேண்டியதில்லை என்பதே அவர் கருத்து. உயிரற்றது என நாம் ஒதுக்கிய இடத்திலும் உயிரின் சாயலைக் கண்டவர் என்று அவரைப் போற்றும் நம்மவர், இதனைக் குறிப்பிடுவதில்லை!

எஞ்சியதை விரைந்து கூறுகிறேன். பௌதிக அறிஞர் ஷ்ரோடிங்கர் 1943-இல் டப்ளின் நகரில் ‘உயிர் என்பது யாது’ என்னும் பொருள் பற்றிப் பேசினார். மறு ஆண்டு அது நூலாயிற்று. அதன் இறுதிப் பகுதியில் உபநிடதங்களின் ஆன்மக் கொள்கையை அவர் மதிப்புடன் எடுத்தாள்கிறார். அந்நூலால் கவரப்பட்டவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் கிரிக். அவரும் வாட்சனும் 1953-இல் மரபுப் பொருளின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கண்டனர். அக்குறிப்பைப் படித்துப் புரதங்களை ஆக்கும் ரைபோசோம் என்னும் நுண்ணிய ஆலையின் அமைப்பைத் துலக்கியமைக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். உயிர்விசை உறைவதாகக் கருதப்பட்ட கருவறை திறக்கப்பட்டது. உள்ளே இருந்தவை மூலக்கூறுகள். கிரிக் 1966-இல் வெளியிட்ட நூலில், உயிர்விசைக் கொள்கையை இனி மொழிவது வீண் என்று கடுமையாகவே எழுதினார்.

அன்பர்களே, வழக்கு முடிந்தது. உயிர்விசைக் கொள்கை தோற்றது. இனி, நம் இளைஞரின் ‘ஆகவே ஆன்மாவும் இல்லை’ என்னும் சொல்லுக்கு வருவோம். தோற்றது எது? உணவைச் செரிப்பிப்பது, வெப்பம் தருவது, தசையை அசைப்பது, கருவை வளர்ப்பது ஆகிய தொழில்களுக்கென்று கற்பிக்கப்பட்ட ஒரு விசை. அதனை ஆன்மா என்று நம் ஆசிரியர்கள் எப்போதேனும் கூறினரா?

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது. வகுப்பதற்குக் கொண்ட அளவுகோல் அறிவு, விசை அன்று. புல்லுக்கும் மரத்துக்கும் தொட்டு அறியும் அறிவு ஒன்று. மனிதனுக்கு மனத்தோடு ஆறு. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அதன் மூன்றாம் சூத்திரம் உடலே ஆன்மா என்பாரையும், ஐம்பொறிகளே ஆன்மா என்பாரையும் மறுப்பதோடு நில்லாமல், பிராணவாயுவே ஆன்மா என்பாரையும் மறுக்கிறது. காரணம் என்ன? ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆயினும் நுகர்ச்சியும் இல்லை, வினையும் இல்லை. பிராணனே அறிவதாயின் அப்போதும் அறியவேண்டுமே! சித்தாந்தத்தின் கணக்கில் பிராணன் முதலிய பத்து வாயுக்களும் மாயையின் காரியங்கள், சடம். உடலை மாயையால் ஆகிய ஓர் இயந்திரம் என்றே அச்சூத்திரம் கருதுகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் உடலைப் பொறியென்று காட்டியதைக் கேட்டு மோன்பெலியே நகரத்தார் அஞ்சியிருக்கலாம்; மெய்கண்டார் மரபினர் அஞ்சுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

இதனைக் கொண்டு, சித்தாந்தம் அறிவியலால் நிறுவப்பட்டுவிட்டது என்று பறைசாற்றுவதும் தகாது. விழா மலர்களில் அத்தகைய கட்டுரைகளை அடிக்கடி காண்கிறேன். அறிவியல் இன்னும் எட்டாத இடத்தில் ஆண்டவனைக் குடியேற்றினால், அறிவியல் ஓரடி முன்வைக்கும்போதெல்லாம் நாம் ஓரடி பின்வாங்க நேரும். ஸ்டால் முதல் திரீஷ் வரை நேர்ந்தது அதுவே. சித்தாந்தத்தின் ஆன்மா என்பது அறிவது, செரிப்பிப்பது அன்று. அவ்வறிவு எவ்வாறு நிகழ்கிறது என்னும் கேள்வியோ இன்றும் தீரவில்லை.

உயிர்விசையைக் கடிந்த கிரிக்கே, 1970-களின் பிற்பகுதி முதல் 2004-இல் மறையும்வரை, உணர்வு மூளையில் எவ்வாறு தோன்றுகிறது என்னும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். சால்மர்ஸ் என்னும் தத்துவ ஆசிரியர் 1995-இல், மூளையின் தொழில்களை எல்லாம் விளக்கியபின்னும், அத்தொழில்களோடு ஓர் உள்ளுணர்வு ஏன் இருக்கிறது என்பது விளங்காமல் நிற்கும் என்றார். டென்னட் போன்றோர் இதுவும் உயிர்விசைக் கொள்கையைப் போல ஒருநாள் கரைந்துபோகும் என்றனர். அதற்குச் சால்மர்ஸ் தரப்பின் விடை எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. உயிர்விசைக் கொள்கையினர் விளக்க விரும்பியவை தொழில்கள். தொழில்களை விளக்கியவுடன் விளக்கவேண்டியது தீர்ந்தது. வலியை உணர்வதும், சந்தனத்தின் மணத்தை அறிவதும் தொழில்களோடு இயைந்தவை ஆயினும், தொழிலை மட்டும் கூறினால் முற்றுப்பெறுவன அல்ல. டென்னட் தரப்பார் இதனை ஒப்பவில்லை. வாதம் நடந்துகொண்டே இருக்கிறது.

மருத்துவமனைகளில் இவ்வினா வேறொரு வடிவில் எழுந்துள்ளது. தலையில் அடிபட்டோர் சிலர் மூச்சு விடுவர், கண் திறப்பர், ஆயின் அழைத்தால் விடை இராது. இவர்கள் உயிர்ப்பு உடையவர், அறிவு அற்றவர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டனர். இங்கிலாந்தில் விபத்தொன்றில் அடிபட்டு ஐந்து மாதங்களாக அந்நிலையில் கிடந்த 23 வயதுப் பெண் ஒருத்தியை ஓவன் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் மூளையைப் படமெடுக்கும் காந்தக் கருவியில் வைத்து ஆராய்ந்தனர். டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள் என்று சொன்னார்கள். பின்னர், உன் வீட்டு அறைகளுக்குள் நடப்பதாக நினைத்துக்கொள் என்றார்கள். விரலைக்கூட அசைக்காத அப்பெண்ணின் மூளையில், நலமாக உள்ளோர் அவ்வாறு நினைக்கும்போது எப்பகுதிகள் கிளர்ச்சி பெறுமோ அப்பகுதிகளே கிளர்ச்சி பெற்றன. இது 2006-இல் வெளிவந்தது. 2024-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், சொன்னதற்கு வெளிப்படையாக எவ்விதச் செயலும் காட்டாத 241 பேர் இவ்வாறு சோதிக்கப்பட்டனர். அவர்களுள் 60 பேரின் மூளை, சொல்லியதைக் கேட்டுச் செய்ய முயன்றதற்கான அடையாளத்தைக் காட்டியது.

தீபாராதனைக்கு நேரமாகிறது என்று அர்ச்சகர் குறிப்புக் காட்டுகிறார், இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.